அந்த நம்பர் இப்போது வருவதில்லை

போன ஆவணியில் ஒரு நாள் காலை. காபி குடித்துவிட்டு அப்போதுதான் பேப்பரை விரித்திருந்தேன். தங்கை மகள் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராக என் எதிரே வந்து நின்றாள். கையில் மடித்த காலிப் பிளாஸ்டிக் பை.

"மாமா, இந்த நம்பர் இனிமே வராதாம். நிறுத்திட்டாங்களாம்."

பையை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நாலு இலக்கத்தில் ஒரு நம்பர். அதன் கீழே நிறத்தின் பெயர், எத்தனை டிகிரிக்குச் சுட வேண்டும் என்ற குறிப்பு, எடை 5 கிலோ. அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல ஒரு வரி கூட இல்லை. ஆறு வருடமாக அந்தப் பையை நம்பித்தான் அவள் தொழில் நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு சக்கரம், ஒரு கரண்ட் சூளை. உதவிக்கு இரண்டு பெண்கள். காபிக் கோப்பை, தயிர் ஜாடி, ஊறுகாய் ஜாடி செய்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். வெல்லப்பாகுக்கும் தேனுக்கும் நடுவே ஒரு பழுப்பு. விளிம்பில் மட்டும் பூச்சு மெலிந்து வைக்கோல் நிறமாகத் தெரியும். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் அந்த நிறத்துக்காகவே அவளிடம் வாங்குகிறார். தீபாவளிக்கு 150 கோப்பை வேண்டும், போன தடவை மாதிரியே இருக்க வேண்டும் என்று சொல்லி முன்பணமும் கொடுத்திருந்தார். கொட்டகையில் மீதி இருந்த கிளேஸ் பொடி ஒன்றரைக் கிலோ. முப்பது கோப்பைக்குக் காணும்.

பீங்கானைப் பற்றி நம் விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைத்ததும், நம் ஊரில் அரசுப் பீங்கான் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருப்பதும், கொலு பொம்மையிலிருந்து ஃபியூஸ் கேரியர் வரை இங்கே சுட்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. நானும் ஒரு பீங்கான் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவன். மின்கம்பத்து இன்சுலேட்டருக்குப் பூசும் கிளேஸ்தான் என் சோறு. அதனால் இந்த விஷயத்தில் ஒரு கருத்துச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

என் கருத்து இதுதான். கடையில் வாங்கும் கிளேஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இரவல். பை தீர்ந்த அன்று நம்மிடம் மிஞ்சுவது அதன் நம்பர் மட்டும். மண்ணில் பிழைக்கிறவர் எவ்வளவு சிறிய அளவில் தொழில் செய்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து தன் கையால் கலக்கக்கூடிய கிளேஸ் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். ஒன்று போதும்.

இதை நான் முதலிலேயே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருடம் அவள் கோப்பையில் காபி குடித்துக்கொண்டே சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். வேறொரு கடையில் அதே நிறம், அதே டிகிரி என்று போட்டிருந்த பொடி ஒன்றை வரவழைத்தோம். பத்து கோப்பை பூசிச் சுட்டாள். சூளையைத் திறந்ததும் ஒரே சந்தோஷம். நிறம் ஏறக்குறைய அதேதான். அன்றிரவு கொட்டகைக் கதவைச் சாத்தப் போனவள் என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, சத்தம் கேக்குதா?"

அலமாரியில் வைத்த கோப்பைகள் ஒவ்வொன்றாக 'டிங்' 'டிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தன. கேட்பதற்கு வீணையைச் சுருதி சேர்ப்பது போல அழகாகத்தான் இருந்தது. தொழில் தெரிந்தவனுக்கு அது சாவு மணி. காலையில் மசியை ஒரு கோப்பையில் ஊற்றித் துடைத்துக் காட்டினேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி மயிரிழை விரிசல்கள்.

காரணம் எளிது. சூளை ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, மேலே உள்ள கிளேஸும் சுருங்குகிறது. கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், சின்னச் சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டியது போல இழுபட்டுத் தெறிக்கிறது. அந்தப் பொடியில் குறை ஒன்றும் இல்லை. வேறு யாருடைய மண்ணுக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பை மேல் இருந்த நிறமும் டிகிரியும் பொருந்தின. சுருக்கம் பொருந்தவில்லை. அதைப் பையில் யாரும் எழுதுவதில்லை.

அடுத்து பழைய கம்பெனிக்கே போன் செய்தோம். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். விற்பனை குறைவு, அதனால் நிறுத்திவிட்டோம் என்றார். சரி, அதில் என்ன போட்டீர்கள் என்று மட்டுமாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். "அது கம்பெனி ரகசியம் சார்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உள்ளே ஒரு பயம் எட்டிப் பார்த்தது. விற்பனை குறைவு என்பதுதான் உண்மையான காரணமா? பழைய காலத்தில் இப்படித் தேன் போல மினுங்கும் கிளேஸ் என்றால் அதில் ஈயம் இருக்கும். ஈயம் போட்டால் குறைந்த சூட்டில் உருகும், பளபளப்பு அள்ளும். ஆனால் சரியாகச் செய்யாத ஈயக் கிளேஸில் புளி, எலுமிச்சை, மோர் என்று புளிப்பு எது பட்டாலும் ஈயம் கரைந்து வரும். குழந்தைகளுக்கு அது விஷம். இந்தக் கிளேஸ் 1,220 டிகிரிக்குச் சுடுவது. அவ்வளவு சூட்டில் ஈயம் ஆவியாகிப் போகும், அந்த வகைக் கிளேஸில் அதைப் போடுவது வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் பேரன் அந்தக் கோப்பையில்தான் பால் குடிக்கிறான். அவள் விற்ற ஊறுகாய் ஜாடிகள் எத்தனை வீட்டில் இருக்கின்றனவோ.

பொடியில் கொஞ்சமும், சுட்ட கோப்பை ஒன்றும் பரிசோதனைக்கு அனுப்பினோம். பொடியில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எக்ஸ்ரே கருவியில் பார்ப்பார்கள். கோப்பையில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அந்த நீரில் ஈயமும் காட்மியமும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவள் ஒரு ஜாடி கூட விற்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் சூளை ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினாள்.

ஈயமும் இல்லை, காட்மியமும் இல்லை. கும்பிட்டுவிட்டுக் காகிதத்தை மடித்தேன். கம்பெனிக்காரர் சொன்னது உண்மைதான். அவரைச் சந்தேகப்பட்டது என் தப்பு. ஆனாலும் அந்தப் பத்து நாளை நான் மறக்க மாட்டேன். ஆறு வருடம் ஊர் வீடுகளின் அடுக்களைக்குள் போன ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று அதைச் செய்தவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. நல்லதாகவே முடிந்தது. நாங்கள் எதையும் செய்து அதை நல்லதாக முடிக்கவில்லை.

அந்தக் காகிதத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் வந்த எண்களைக் கூட்டினால் சரியாக 100 வந்தது. அதைப் பார்த்து, "மாமா, இதையே அப்படியே கலந்துடலாமே" என்றாள். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். அந்த எக்ஸ்ரே கருவிக்கு எடை குறைந்த தனிமங்கள் கண்ணில் படாது. போரான், லித்தியம் இரண்டும் அப்படிப்பட்டவை. கண்ணில் பட்டவற்றை மட்டும் கூட்டி 100 ஆக்கிக் கொடுத்துவிடும். 1,220 டிகிரியில் உருகும் கிளேஸ் பெரும்பாலும் போரானை நம்பித்தான் உருகுகிறது. அந்தக் காகிதத்தை அப்படியே நம்பிக் கலந்தால், உருகாத சொரசொரப்பான பூச்சுதான் கிடைக்கும். பந்திக்கு வந்தவர்களை எண்ணியவன் பரிமாறுகிறவரை விட்டுவிட்ட கதை.

இரவல் என்று மேலே சொன்னேன் அல்லவா, அது கடைப் பொருளுக்கு மட்டும் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

இன்சுலேட்டர் கிளேஸ் அரைக்கும் பிரிவில் பெரியவர் ஒருவர் இருந்தார். கலவை விவரம் எங்கள் ஆய்வகத்தில் எழுத்தில் இருந்தது. ஆனால் மழைக்காலத்தில் எவ்வளவு தண்ணீர், புது லோடு ஃபெல்ஸ்பார் வந்தால் எதைக் கூட்டி எதைக் குறைப்பது என்பதெல்லாம் அவர் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில்தான். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டு, குரூப் போட்டோ எடுத்து அனுப்பி வைத்தோம். நோட்டும் சட்டைப்பையோடு போனது. யாருக்கும் தோன்றவில்லை. ஆய்வகத்தில் இருந்த எனக்கே தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஃபெல்ஸ்பார் வரும் குவாரி மாறியது. இன்சுலேட்டர் எல்லாம் ஊசித் துளை. லாரி லாரியாக உடைத்துக் கொட்டினோம். என்னை அவர் ஊருக்கு அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் பிரித்த குழி இன்னும் மூடாமல் இருந்தது. அவர் போய் இருபது நாள் ஆகியிருந்தது. நோட்டைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பாவோட பேப்பர் நோட்டெல்லாம் பழைய பேப்பர் கடையில போட்டுட்டோம் சார்" என்றார் மகன். பழைய தரத்துக்குத் திரும்ப எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

பொருள் நின்றுபோவது நம் ஊருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரப் பக்கம் ஒரு களிமண் கிடைத்தது. 'ஆல்பனி ஸ்லிப்' என்பார்கள். தண்ணீரில் கரைத்துப் பூசிச் சூளையில் வைத்தால் போதும், வேறு எதுவும் சேர்க்காமல் அதுவே உருகிக் கரும்பழுப்புக் கிளேஸ் ஆகிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டு ஊறுகாய் ஜாடி, மதுக் குடுவைகளின் உட்புறத்தில் பெரும்பாலும் இதைத்தான் பூசினார்கள். 1980களின் நடுவில் வெட்டி எடுப்பது நின்றுவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் பூசி வந்த குயவர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆயிற்று. அப்புறம் கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த ப்ளெயின்ஸ்மன் என்ற களிமண் நிறுவனம், ஆல்பனி மண்ணின் வேதிக் கணக்கைப் பார்த்து, தங்கள் பக்கத்து மண்களைக் கலந்து 'ஆல்பர்ட்டா ஸ்லிப்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு மண்ணின் கணக்கு எழுத்தில் இருந்ததால்தான் இன்னொரு ஊர் மண் அதன் இடத்துக்கு வர முடிந்தது.

கலிபோர்னியாவில், மரணப் பள்ளத்தாக்கு என்று சொல்லும் பாலைவனப் பக்கத்தில் 'கெர்ஸ்ட்லி போரேட்' என்று ஒரு கனிமம் வெட்டினார்கள். போரான் தரும் இயற்கைப் பொருள். அங்கே சிறு குயவர்களின் கலவைக் குறிப்புகள் பலவற்றில் இது இருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதுவும் நிற்கப் போகிறது என்றதும், ஆளாளுக்கு மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கினார்கள். வேறு சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதில் இருந்த போரானையும் கால்சியத்தையும் சோடியத்தையும் ஃப்ரிட் வழியாகக் கொண்டுவந்தார்கள். ஃப்ரிட் என்பது போராக்ஸ் போன்ற தண்ணீரில் கரையும் பொருளை மணலோடு உருக்கி, தண்ணீரில் கொட்டி உடைத்து, அரைத்த கண்ணாடி மாவு. கணக்குப் போட்டவர்களின் கிளேஸ் முன்பைவிட நிலையாக இருந்தது. ஏனென்றால் அந்தக் கனிமம் வெட்டும் இடத்துக்கு இடம் மாறக்கூடியது, ஃப்ரிட் மாறாதது. மூட்டை பதுக்கியவர்களுக்கு மூட்டை தீரும்வரைதான் நிம்மதி.

இந்தக் கணக்குக்கு வழி போட்டவர் பெயர் சேகர். நம் ஊர்க்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெர்மன் சேகர், ஜெர்மனிக்காரர், 1893இல் காலமானார். சூளைக்குள் சூடு பார்க்க வைக்கும் கூம்பும் அவர் கொடுத்ததுதான். கிளேஸை இத்தனை கிலோ இந்தப் பொடி என்று பார்க்காதே, உருகிய பிறகு உள்ளே இருக்கும் ஆக்சைடுகளின் விகிதமாகப் பார் என்று சொல்லிக்கொடுத்தவர். சிலிக்கா கண்ணாடி ஆகிறது. ஆனால் அது தனியாக உருக 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். சோடியம், பொட்டாசியம், கால்சியம், போரான் இவை அதை நம் சூளைச் சூட்டுக்கு இறக்குகின்றன. அலுமினா, பாகு ஒழுகி ஓடாமல் பதத்தில் நிறுத்துகிறது. இந்த மூன்று வேலையும் எந்தப் பொடி வழியாக நடந்தாலும் கிளேஸுக்குக் கவலை இல்லை. ஆகவே ஒரு பொடி நின்றுபோனால் வேறு பொடிகளால் அதே விகிதத்தைப் பிடிக்கலாம்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் மீதமிருந்த பழைய பொடியில் 200 கிராமை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி எடுத்து வைத்தேன். கடைசிக் கரண்டியையும் பூசித் தீர்த்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது? அடுத்து, சுலபமான ஓர் அடிப்படைக் கலவையை எடுத்துக்கொண்டோம். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மாவு, சீனாக்களி, உல்லாஸ்டனைட், போரானும் கால்சியமும் சோடியமும் உள்ள ஃப்ரிட் என்று ஐந்தும் இருபது இருபது. இந்தச் சூட்டுக்கு உலகத்தில் பல குயவர்கள் வைத்திருக்கும் கலவை இது, ரகசியம் ஒன்றும் இல்லை. உல்லாஸ்டனைட் ராஜஸ்தானில் வெட்டுகிறார்கள், மற்றதெல்லாம் நம் பக்கத்திலேயே வாங்கலாம். 100 கிராம் கலக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் 20 கிராம். சமையல் தராசு போதும். முகமூடி மட்டும் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நெஞ்சில் போய்ச் சேர்ந்து என் கூட வேலை பார்த்தவர்கள் இருமியதைக் கேட்டிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் யாரிடமும் சமரசம் பேசுவதில்லை.

அவள் மண்ணிலேயே சின்னச் சின்ன வில்லைகள் செய்து பூசிச் சுட்டோம். நன்றாக உருகியது. ஆனால் கொதிநீரில் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டதும் இரண்டு வில்லையில் மயிரிழை ஓடியது. ஃபெல்ஸ்பாரில் 5 குறைத்து குவார்ட்ஸில் 5 கூட்டினோம். சுருக்கம் குறைந்தது, விரிசல் நின்றது. ஒரே மாற்றம், ஒரே சூளை. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்திருந்தால் எது பலன் தந்தது என்று தெரிந்திருக்காது.

பிறகு நிறம். இரும்பு ஆக்சைடை 100 கிராமுக்கு 2, 3, 4, 5, 6, 8 கிராம் என்று சேர்த்து ஆறு வில்லை. இரண்டில் வைக்கோல், நாலில் தேன், எட்டில் கருந்தவிட்டு நிறம். பழையது நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. சூளையைச் சட்டென்று ஆற விடாமல் மெதுவாக இறக்கினால் இன்னும் கிட்டே வந்தது. கரைத்த கிளேஸ் ஒரு லிட்டர் 1,450 கிராம் நிற்கும்படி தண்ணீர் வைத்துக்கொண்டால் பூச்சின் கனம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தது. கடைசியில் பழையபடி கோப்பைகளை அமிலச் சோதனைக்கு அனுப்பி, எலுமிச்சம்பழத் துண்டை ஒரு ராத்திரி உள்ளே வைத்து மினுக்கம் மங்குகிறதா என்றும் பார்த்தோம். மங்கவில்லை.

மொத்தம் ஆறு சூளை, ஐந்து வாரம். இதை நீங்கள் அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். அவள் மண்ணுக்குப் பொருந்தியது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வழி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

நடுவில் ஒரு நாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, நான் கோப்பை செய்யணுமா, லேப் நடத்தணுமா? நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க, உங்களுக்கு நேரம் இருக்கு" என்றாள். நியாயமான கேள்வி. இரண்டு பெண்களுக்கு வாரக்கூலி கொடுக்க வேண்டியவளுக்கு வில்லை சுட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது? நானும் பத்து நிறத்தையும் நீயே கலந்துகொள் என்று சொல்லவில்லை. அலங்காரத்துக்கு வேண்டும் நீலமோ பச்சையோ கடையில் வாங்கட்டும். தினமும் சோறு போடும் அந்த ஒரு கிளேஸ், வாயில் படும் அந்த ஒரு கிளேஸ் மட்டும் கையில் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவரும் குடத்தையும் விளக்கையும் சொந்தமாகத்தானே வைத்திருக்கிறார்?

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விற்காத பொருளைச் செய்துகொண்டிருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. விற்கும்வரை கலவையை ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் செய்வதையே நிறுத்திய பிறகு அந்த ரகசியம் யாருக்கு என்ன லாபம் தருகிறது? நிறுத்துவதற்கு ஒரு வருடம் முன்பு சொல்லலாம். நிறுத்திய பின் கலவையை, அது முடியாவிட்டால் ஆக்சைடு கணக்கையாவது, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். அதை நம்பித் தொழில் நடத்தியவர்களுக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. சட்டம் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை, மனசு வைத்தால் போதும்.

வாங்குகிறவர்களுக்கும், அதாவது நமக்கும், ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கிளேஸ் பழையதுக்கு மிகக் கிட்டே வந்தது. அதுவே ஆகிவிடவில்லை. பழையதில் பாதத்துப் பக்கம் பால் சிந்தியது போல ஒரு மங்கல் ரேகை ஓடும். எங்களுக்கு அது வரவே இல்லை. எந்தப் பொடியால் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு கோப்பைகளை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் வேற மாதிரி இருக்கேம்மா."

அவள் மழுப்பவில்லை. பழைய பொடி நின்றுபோனதையும், இது தானே கலந்தது என்பதையும், இதில் என்னென்ன இருக்கிறது என்பதையும் சொல்லி, பரிசோதனைக் காகிதத்தை எடுத்து வைத்தாள். அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். "இதை நான் ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா? கேக்கறவங்களுக்குக் காட்டலாம்" என்றார். 150 கோப்பையும் எடுத்துக்கொண்டார். எல்லாக் கடைக்காரரும் அப்படி இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. இவர் அப்படி இருந்தார். கையால் செய்யும் பொருளை வாங்குகிற நாம், போன தடவை மாதிரியே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும்போது, செய்கிறவரை மறுபடியும் அந்த நம்பர் போட்ட பைக்கே துரத்துகிறோம்.

இப்போது அவள் கொட்டகைச் சுவரில் அந்தக் கலவை பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த இரண்டு பெண்களும் பார்த்துக் கலக்குகிறார்கள். ஒரு பிரதி அவள் போனில், ஒன்று என் மேசை இழுப்பறையில். எந்த லோடு ஃபெல்ஸ்பார், எந்தத் தேதி, என்ன மாற்றினோம் என்பதற்குத் தனி நோட்டு. ஹார்லிக்ஸ் பாட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

கடைசியாக, இதைப் படிக்கும் பழைய சூளைக்காரர்களுக்கும், ஆய்வகக்காரர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஊரில் இன்னும் எத்தனையோ பேரின் சட்டைப்பையில், டிரங்குப் பெட்டியில், பரணில் அப்படிப்பட்ட நோட்டுகள் இருக்கின்றன. அழுக்காக இருக்கும், பாதி எழுத்து அழிந்திருக்கும், தெலுங்குக் கணக்கும் தமிழ்க் கணக்கும் கலந்திருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், பஸ் ஏறி வந்து நானே எழுதிக்கொள்கிறேன். காபி மட்டும் கொடுத்தால் போதும்.